காய்ச்சல் விட்ட பிறகு

2012ஆம் ஆண்டு கோடையில் கடையநல்லூரின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது. மே, ஜூன் மாதங்களில் ஊருக்குள் பரவிய காய்ச்சலுக்கு முதலில் பெயர் தெரியவில்லை. 'மர்மக் காய்ச்சல்' என்றே பேசினார்கள். பரிசோதனை முடிவுகள் வந்தபோது டெங்கு என்றானது. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அரசுக் கணக்குப்படி 2011இல் தமிழ்நாட்டில் டெங்கு கண்டவர்கள் 2,501 பேர், இறந்தவர்கள் 9 பேர். 2012இல் அது 12,826 பேராகவும் 66 சாவாகவும் ஏறியது. அந்த ஆண்டு நாடு முழுக்க டெங்குவால் இறந்தவர்கள் 242 பேர். அதாவது நான்கில் ஒரு சாவுக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில். பலத்த அடி வாங்கியது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். அதில் கடையநல்லூர் முன்னால் நின்றது.

காரணம் மர்மமானது அல்ல. குழாயில் தண்ணீர் வரும் நாளில் சிமெண்டுத் தொட்டி, டிரம், குடம், அண்டா என்று வீட்டில் இருக்கும் பாத்திரம் அத்தனையிலும் பிடித்து வைத்து, அடுத்த முறை தண்ணீர் வரும்வரை அதை வைத்தே காலம் தள்ளுவது நம் சிற்றூர்களின் வழக்கம். ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது சாக்கடை அல்ல, இந்த நல்ல தண்ணீர்தான். பகலில் கடிக்கும் கொசு அது. வீட்டில் பகல் முழுக்க இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகளும் பெண்களும் முதியவர்களும். கொசுவைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் நகராட்சியைப் பற்றியும் அப்போது நிறையப் பேசினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த குடும்பங்களின் இறைநம்பிக்கை அந்த நாட்களில் என்ன வேலை செய்தது, எங்கே கைகொடுத்தது, எங்கே இடறியது என்ற பேச்சு அவ்வளவாக எழவில்லை. எழுந்த கொஞ்சமும் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சிக்கு அது மூடநம்பிக்கை, இன்னொரு கட்சிக்கு அது கேள்வி கேட்கக் கூடாத புனிதம். இரண்டுமே அந்த வராந்தாவுக்கு உதவாதவை.

கடையநல்லூரில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் குடும்பம் எங்கெல்லாம் போகும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இது நெசவும் வெளிநாட்டுச் சம்பாத்தியமும் வளர்த்த ஊர். முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போனவர்களின் வழி வந்தவர்கள் பலர். சிங்கப்பூரில் இந்த ஊர்ப் பெயரிலேயே 1941இல் ஒரு முஸ்லிம் லீக் அமைப்பு தோன்றியது. பிறகு வளைகுடா வந்தது. பிள்ளைக்காக நேர்ந்துகொள்ள ஒருபக்கம் பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பெயரால் நிற்கும் பள்ளிவாசல். பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரில், கல்லறை எதுவும் இல்லாமல் எழுந்த தலம் அது. இந்துக் குடும்பங்களும் நேர்ந்துகொண்டு போவார்கள். இன்னொரு பக்கம் சங்கரன்கோவில். கோமதி அம்மன் சந்நிதியில் தரும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். கை, கால், கண், பாம்பு, தேள் என்று வெள்ளித் தகட்டில் அடித்த உருக்கள் அங்கே உண்டியலில் விழும். ஊரை ஒட்டியே கிருஷ்ணாபுரத்து ஆஞ்சநேயர். சற்றுத் தள்ளிப் போக முடிந்தவர்களுக்குப் புளியம்பட்டி அந்தோணியார் கோயில்.

ஊருக்குள்ளேயே இன்னொரு கோடும் ஓடுகிறது. தவ்ஹீத் சிந்தனை ஆழமாக வேர்விட்ட ஊர்களில் கடையநல்லூர் ஒன்று. அந்த வழியில் நிற்பவர்களுக்கு தர்காவும் கிடையாது, தாயத்தும் கிடையாது. இறைவனிடம் நேராகக் கையேந்தும் துஆ மட்டும்தான். சுன்னத் ஜமாஅத் வழியில் வந்த பாட்டி பிள்ளையின் கழுத்தில் தாயத்துக் கட்டுவாள், வளைகுடாவிலிருந்து வந்த மகன் அதை அவிழ்ப்பான். சுகமாக இருக்கும் நாட்களில் இது வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம். பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும் ராத்திரியில் இதுவே பெரும் பாரமாகிவிடும். ஒருவர் செய்ததை இன்னொருவர் பாவம் என்று கருதும் வீட்டில், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி எந்தப் பக்கம் விழும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஒரு குடும்பத்துக்கு ஒரு நம்பிக்கைதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கும் ஐந்து பேருக்கு ஐந்து விதமான நம்பிக்கை இருக்கும்.

இந்தப் பழக்கங்கள் வெறும் பயத்தில் பிறந்தவை அல்ல. திருநெல்வேலிச் சீமையின் பழைய பெயர்களைப் பார்த்தால் அது விளங்கும். மைதீன் பிச்சை, பக்கீர் மைதீன், பிச்சைக்கண்ணு, குப்பம்மாள் என்ற பெயர்கள் தாத்தா பாட்டி தலைமுறையில் சாதாரணம். முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் ஒருமுறை போட்டு எடுப்பார்கள். தவிட்டை விலையாகக் கொடுத்து இன்னொருத்தியிடமிருந்து வாங்குவார்கள். இது என்னுடையதல்ல, இரந்து வாங்கியது என்று ஊரறியப் பெயர் வைப்பார்கள். மதம் மாறினாலும் இந்த மனம் மாறவில்லை. பிள்ளைச் சாவு அவ்வளவு மலிவாக இருந்த காலம் அது. 1971இல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அந்த எண் 13. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம செவிலியர்களும் சேர்ந்து அரை நூற்றாண்டில் செய்த காரியம் இது. இதைவிடப் பெரிய காரியம் நம் காலத்தில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த மாற்றம் நம்பிக்கையின் உள்ளேயும் புகுந்துவிட்டது. அன்று பிள்ளையை இழந்த தாய்க்குத் தெருவில் பத்துத் துணை இருந்தது. எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு போயிருக்கும். 'கொடுத்தவன் எடுத்துக்கிட்டான்' என்ற சொல்லில் எல்லோரும் சேர்ந்து சாய்ந்துகொள்ள முடிந்தது. இன்று பிள்ளை பிழைப்பதுதான் இயல்பு, சாவு விதிவிலக்கு. அதனால் அதே சாவு இன்று தனியாக ஒரு வீட்டைத் தேடி வந்தது போல் தெரிகிறது. 'என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?' என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. 2012இல் கடையநல்லூர்க் குடும்பங்கள் கேட்டது இந்தப் புதிய கேள்வியைத்தான்.

டெங்குவுக்கு ஒரு கடிகாரம் உண்டு. இந்தக் கட்டுரையின் மையம் அதுதான். முதல் மூன்று நாலு நாள் காய்ச்சல் அனலாக அடிக்கும். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மேலெல்லாம் முறித்துப் போட்டது போன்ற வலி. வீடே கலங்கி நிற்பது இந்த நாட்களில். ஓதிப் பார்ப்பதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும், உப்பும் மிளகும் சுற்றிப் போடுவதும், 'சுகமானா நடந்தே வாரேன்' என்று அம்மனிடம் சொல்வதும் இந்த நாட்களில்தான். பிறகு ஒருநாள் காய்ச்சல் விடுகிறது. வியர்த்து, உடம்பு ஜில்லென்று ஆகிறது. பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருக்கிறது. 'காய்ச்ச விட்டிட்டு, இனி பயமில்ல' என்கிறாள் பாட்டி. உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் டெங்குவில் உயிரைப் பறிக்கும் நேரம். ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது. நாடி வேகமாகவும் மெலிந்தும் போகிறது, கைகால் குளிர்கிறது, சிறுநீர் குறைகிறது. நிற்காத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுப்பினாலும் எழாத அசதி ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எச்சரிக்கை அறிகுறிகள் என்று வகுத்திருக்கிறது. இந்த வேளையில் பிள்ளை ஆஸ்பத்திரியில், கவனிப்பவர் கண்முன்னே இருந்து, ஏற்ற வேண்டிய அளவுக்கு மட்டும் திரவம் ஏறினால் கடும் டெங்குவிலும் சாவு நூற்றில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். கவனிப்பு இல்லையென்றால் நூற்றில் இருபதுவரை போகலாம். தனி மருந்து என்று எதுவும் கிடையாது. விழித்திருந்து பார்த்து, அளந்து ஏற்றி, அளந்து நிறுத்துவதுதான் வைத்தியம். ஓரிரு நாள் கழித்துக் கசிவு நின்று, வெளியேறிய நீர் குழாய்க்குத் திரும்பும்போது டிரிப்ஸை நிறுத்தாவிட்டால் அதுவே நுரையீரலை நிரப்பிப் பிள்ளையைக் கொன்றுவிடும்.

காய்ச்சல் இருக்கும் நாட்களில் வீடு பயந்து கிடக்கிறது; காய்ச்சல் விட்டதும் நன்றி சொல்லித் தளர்கிறது. நோயின் பயணமோ நேர் எதிர்த்திசையில். கடையநல்லூரிலிருந்து தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகப் பாளையங்கோட்டை போய்ச்சேர எழுபது கிலோமீட்டர். காய்ச்சல் விட்ட காலையில் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, சாயங்காலம் கைகால் குளிர்ந்த பிறகு 108ஐக் கூப்பிட்டால், அந்த எழுபது கிலோமீட்டர் மிக நீளமானது. நம்பிக்கை வைத்ததில் கேடு இல்லை. 'கேட்டது கிடைத்துவிட்டது' என்று ஒரு நாள் முன்னதாக முடிவு கட்டியதில்தான் கேடு.

பழைய வழக்கத்துக்குள்ளேயே இதற்கு மாற்று இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. அம்மை கண்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. வெளியாள் உள்ளே வரக்கூடாது, வீட்டார் வேறு வீட்டுக்குப் போகக்கூடாது, தாளிப்பு மணம் எழக்கூடாது. காய்ச்சல் இறங்கிவிட்டது, கொப்புளம் வாடிவிட்டது என்றாலும் யாரும் கொண்டாடுவதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரை முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று நாள் விட்டு ஊற்றி முடித்த பிறகுதான் அம்மன் இறங்கினாள் என்று பொருள். அதுவரை வீடு விரதம் காக்கும். காய்ச்சல் விட்டதும் நோய் விட்டதாகாது என்பதை நம் பாட்டிமார் நூற்றாண்டுகளாக ஒரு சடங்கில் முடிந்து வைத்திருந்தார்கள். அந்த நோயின் போக்கைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை அதன் நாட்காட்டியைத் தனதாக்கிக்கொண்டது. டெங்கு இந்த அளவில் ஊருக்குப் புதிது. அதற்கென்று ஒரு காத்திருப்பு இன்னும் வழக்கமாகவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் நேர்ச்சை முடிக்காதே, பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று ஒரு விதி வழக்கத்தில் வந்திருந்தால், அதை எந்தச் சுவரொட்டியைவிடவும் வேகமாக வீடுகள் கடைப்பிடித்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு நம்பிக்கை வேறு உருவம் எடுக்கிறது. குழந்தைகள் வார்டில் டெங்குப் பிள்ளைக்கு மணிக்கு மணி நாடி, ரத்த அழுத்தம், எத்தனை மில்லி ஏறியது, எத்தனை மில்லி சிறுநீர் போனது என்று ஒரு தாளில் எழுதி வருவார்கள். பெற்றோர் கேட்பது வேறு: 'கவுண்ட் எவ்வளவு?' தட்டணுக்களின் எண்ணிக்கைதான் குடும்பத்தின் நம்பிக்கை ஏறி இறங்கும் படி. காலையில் நாற்பதாயிரம், மாலையில் இருபத்தைந்தாயிரம் என்றால் வராந்தாவில் யாசீன் ஓதும் குரல் உயரும். துபாயிலிருக்கும் தகப்பனுக்குப் போன் போகும். அவர் தன் அறையில் இருப்பவர்களை எழுப்பி துஆ கேட்பார். டாக்டரின் கண்ணோ தட்டணுவில் அவ்வளவாக இல்லை. ரத்தம் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்று சொல்லும் ஹெமடோகிரிட், நாடி, சிறுநீர் ஆகிய மூன்றில் இருக்கிறது. தட்டணு ஏறத் தொடங்கு முன்பே பிள்ளை கரையேறியிருக்கலாம். இரு தரப்பும் ஒரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வெவ்வேறு எண்ணுக்காகக் காத்திருக்கின்றன. டாக்டர் ஒரு நிமிடம் நின்று, 'கவுண்டை விடுங்க, பிள்ளை ஒண்ணுக்குப் போறானான்னு பாருங்க, அளந்து வைங்க' என்று சொன்னால் போதும். பதற்றத்தில் இருக்கும் தாய்க்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஓதிக்கொண்டே அளக்கலாம்.

பிரார்த்தனையால் நோய் தீருமா என்பதை ஆராய்ச்சிக் கூடத்தில் அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முடிவுகள் 2006இல் வந்தன. தெரியாத ஒருவர் தனக்காகப் பிரார்த்திக்கிறாரா இல்லையா என்று அறியாத இரண்டு குழுக்களில், பிரார்த்தனை பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. நமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த மூன்றாம் குழுவில் 59 விழுக்காடு. கேலி பேசுபவர்கள் இந்த ஆய்வைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். எனக்கோ இது கேட்ட கேள்வியே அந்த வராந்தாவின் கேள்வி அல்ல என்று படுகிறது. முகம் தெரியாதவர் சீட்டில் எழுதிய பெயருக்காகச் செய்யும் பிரார்த்தனையும், பெற்றவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே முணுமுணுப்பதும் ஒன்றல்ல. அவள் அதில் தேடுவது குணம் மட்டுமா? அடுத்த ஒரு மணி நேரத்தைக் கடந்துபோகும் தெம்பையும்தான்.

நம் விஷயத்துக்கு நெருக்கமானது கென்னத் பார்கமெண்ட் என்ற உளவியலாளரின் பணி. 1997இல் வெளிவந்த அவருடைய பெருநூலும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளும், சோதனைக் காலத்தில் மனிதர்கள் மதத்தைக் கையாளும் விதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தன. கடவுள் துணை நிற்கிறார், என்னால் ஆனதை நான் செய்கிறேன், மீதி அவர் பொறுப்பு என்று இருப்பது ஒன்று. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார், இது தீய சக்தியின் வேலை என்று இருப்பது மற்றொன்று. ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்கலாம். 55 வயதும் அதற்கு மேலும் ஆன, மருத்துவமனையில் இருந்த ஏறத்தாழ 600 நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2001இல் வந்தது. இரண்டாம் வகை மனப்போராட்டம் இருந்தவர்களிடம் சாவு கூடுதலாக இருந்தது. அமெரிக்க முதியவர்கள் மீது நடந்த ஆய்வை அப்படியே தென்காசிக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது. ஆனால் அந்த இரண்டாம் வகையை நாம் கேட்டதில்லையா? 'போன வருஷம் நேர்ந்ததை முடிக்காம விட்டோம்', 'தாயத்தை அவுத்திருக்கக் கூடாது', 'தாயத்தைக் கட்டினதே ஷிர்க் (இறைவனுக்கு இணைவைப்பு), அதான்', 'யாரோ செய்வினை வச்சிட்டாவ'. எதிரெதிர்க் கொள்கையுள்ளவர்கள் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள்: என் குற்றத்துக்கு என் பிள்ளை அனுபவிக்கிறது. நம்பிக்கை இந்த உருவம் எடுக்கும்போது எத்தனை பக்திமானாக இருந்தாலும் அந்தத் தாயை அதிலிருந்து மீட்க வேண்டும். அதைச் செய்ய டாக்டரைவிட ஆலிமுக்கும் பூசாரிக்கும் உபதேசியாருக்கும்தான் அதிகாரம் உண்டு.

2012இல் அரசும் நம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான நடுவெளியில் கால் வைத்தது. நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் ஊர் ஊராகப் பேசப்பட்டன. நிலவேம்பு கஷாயத்தை அரசு மருத்துவமனைகளிலேயே காய்ச்சி ஊற்றினார்கள். டெங்குவைக் குணமாக்கும் என்பதற்குப் போதிய சான்று இந்த இரண்டுக்கும் இன்றுவரை கிடையாது. ஆனாலும் அண்டாவில் காய்ச்சி டம்ளரில் ஊற்றிக் கொடுத்த அந்தக் கசப்பு ஒரு காரியம் செய்தது: பயந்து வீட்டுக்குள் கிடந்தவர்களை ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவழைத்தது. வந்தவர்களிடம் 'காய்ச்சல் எத்தனாவது நாள்?' என்று கேட்கும் ஒரு செவிலியர் அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த இடங்களில் கஷாயம் நல்லது செய்திருக்கும். கேட்க ஆள் இல்லாத இடத்தில், கஷாயம் குடித்தாயிற்று என்ற நிம்மதியே தாமதமாகியிருக்கும். தாயத்துக்கும் புற்றுமண்ணுக்கும் இதே கணக்குத்தான்.

நம்பிக்கைக்குப் பக்கத்திலேயே மருத்துவமும் நிற்க வேண்டும் என்பதைத் தமிழ்நாடு வேறொரு துயரத்தில் ஏற்கெனவே கற்றிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த தனியார் விடுதி ஒன்று தீப்பிடித்து 28 பேர் கருகினார்கள். தர்காவுக்குப் போவதையே தடுக்க வேண்டும் என்று அப்போது பலர் சொன்னார்கள். குஜராத்தில் மேசாணா மாவட்டத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்காவில் 2008இல் வேறு வழி கண்டார்கள். 'தவா - துஆ' என்று அதற்குப் பெயர். மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில். தர்காவில் பணிபுரியும் முஜாவர்களுக்கே மனநோயின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓதிப் பார்க்க வந்தவரை ஓதிவிட்டு, பக்கத்து அறையில் இருக்கும் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஏர்வாடியிலும் பின்னர் அரசு மனநல மருத்துவம் அதே வழியில் தர்கா வாசலுக்கு வந்தது. குடும்பங்கள் எங்கே வருகின்றனவோ அங்கே மருத்துவம் போய் நின்றது.

மனநோய்க்குச் செய்ததைக் காய்ச்சலுக்குச் செய்வது இன்னும் எளிது. கடையநல்லூரில் பிள்ளைக்கு ஓதிப் பார்க்க வரும் தாயிடம் பள்ளிவாசல் ஹஸ்ரத் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: காய்ச்சல் எப்போது விட்டது? விட்டு இரண்டு நாள் ஆகவில்லையென்றால், 'ஓதிட்டேன், இப்ப நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, இரண்டு நாள் அங்கேயே வச்சுப் பாருங்க' என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லைத் தட்டுபவர் யார்? இஸ்லாத்தில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை; நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்பதும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பு என்பதும் நபிகளின் அறிவுரையாக ஒவ்வொரு மதரஸா மாணவனும் அறிந்தவை. கோமதி அம்மனிடம் புற்றுமண் வாங்க வந்தவர்களுக்கும் இதைச் சொல்லலாம். ஆடித்தபசுக் கூட்டம் மழைக்காலத்துக்கு முன் வருவது; சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஜும்ஆ உரையில் ஐந்து நிமிடம் போதும். அப்படிச் சொல்லும் பொறுப்பை மதத் தலைவர்கள் ஏற்க வேண்டும் என்றால், நகராட்சியும் சுகாதாரத் துறையும் கொசு மருந்து அடிக்க வரும் நாளில் மட்டும் அல்லாமல் முன்கூட்டியே அவர்களைத் தேடிப் போய் மரியாதையோடு உட்கார்ந்து பேச வேண்டும். எனக்குத் தெரிந்து இதில் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

நம்பிக்கை ஏற்கெனவே செய்துவரும் காரியமும் குறைவல்ல. தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகள் நடத்தும் ஆம்புலன்ஸ்களும் ரத்ததான முகாம்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. நடு ராத்திரியில் தட்டணு வேண்டும் என்றால் முன்பின் தெரியாத பிள்ளைக்காகக் கையை நீட்ட வரும் இளைஞர்களில் பலர் பள்ளிவாசல் வழியாக வருகிறவர்கள். சாதி மதம் கேட்காமல் கொடுக்கிறார்கள். வாங்கும் குடும்பமும் கேட்பதில்லை. வராந்தாவில் நோன்பு திறக்கும் கஞ்சியும் கோயில் பிரசாதமும் கைமாறும். பக்கத்துக் கட்டில்காரி தன் பிள்ளையின் நெற்றியில் இட்ட திருநீற்றைக் கொஞ்சம் இந்தப் பிள்ளைக்கும் இட்டுவிட்டு, 'வையலாமாக்கா?' என்று பிறகு கேட்பாள். ஊரில் இருந்தால் வேண்டாம் என்றிருக்கக்கூடிய தாய் அங்கே தலையசைப்பாள்.

கைமீறிப் போன பிள்ளைகளின் வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சின்னப் பிள்ளையின் சாவுக்கு நம் மரபுகள் நீண்ட சடங்கு வைக்கவில்லை. இந்து வீடுகளில் எரிப்பதில்லை, புதைப்பார்கள், காரியம் சுருக்கம். இஸ்லாத்தில் மூன்று நாள் துக்கம். பாவமறியாத பிள்ளை பெற்றோருக்கு முன்னே போய் மறுமையில் அவர்களுக்காகப் பரிந்து பேசும் என்ற ஆறுதல் உண்டு. அந்த ஆறுதல் உண்மையாகவே தாங்குகிறது. அதை இகழ எனக்கு மனம் வராது. ஆனால் அது 'எங்கே போனான்?' என்ற கேள்விக்குப் பதில். 'ஏன் போனான்? நான் என்ன செய்யாமல் விட்டேன்?' என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கு மருத்துவத்திடம் பதில் இருக்கிறது. டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை முன்பு வந்துபோன உடம்பில் இன்னொரு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்பே புதிய வைரஸுக்குத் துணைபோய் நோய் முற்றும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து ஒன்றை மட்டும் அது அடித்துப் போட்டதற்கு இது காரணமாக இருக்கலாம். நேர்ச்சையோ தாயத்தோ யாருடைய பாவமோ அதில் இல்லை. இதை யாரும் சொல்லாவிட்டால், தாய் அந்த இடத்தைத் தன்மீதான பழியால் நிரப்பிக்கொள்வாள். சொந்தக்காரர்களும் அதற்கு உதவுவார்கள்.

குழந்தை இறந்தால் குடும்பத்தின் கையில் வருவது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சுருக்கமும் இறப்புச் சான்றுக்கான தாளும். அந்தச் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும்: எந்த நாளில் என்ன நடந்தது, என்ன செய்தோம், எது பலிக்கவில்லை, வீட்டில் செய்த எதனாலும் இது வரவில்லை என்பது. சாவு நடந்த இரவில் அது யார் காதிலும் ஏறாது. ஆகவே இரண்டு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, தாயும் தகப்பனும், தகப்பன் வெளிநாட்டில் என்றால் மாமனோ பாட்டனோ வந்து அதே டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுப்போக ஏற்பாடு வேண்டும். வீட்டார் விரும்பினால் அவர்களுடைய ஹஸ்ரத்தையோ பூசாரியையோ கூட அழைத்து வரலாம். டாக்டர் சொன்னதை ஊரில் திரும்பச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமல்லவா.